யார் வைத்த வக்கீல்?

செருப்பு பவனேஷின் காதை உரசிக்கொண்டு போய் கேட்டுக் கம்பியில் பட்டு விழுந்தது. நீல வார் போட்ட ஜப்பான் சிலிப்பர். எறிந்தவள் வள்ளியம்மா.

"அக்கா, வரவேற்பு பலமா இருக்குலா," என்றான் பவனேஷ், குனிந்த தலையை நிமிர்த்தாமல். "ஒத்தைதான் வந்திருக்கு. இன்னொண்ணும் வரட்டும், ஜோடி சேர்த்துப் போட்டுக்கிட்டு ஓடிரலாம்."

சுரையா சிரிக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டைத் தள்ளினாள்.

"உள்ள கால வெச்சே, நடக்கிறதே வேற!" வள்ளியம்மா வாசலை அடைத்து நின்றாள். "எம் மருமவளுக்கு ஒரு நல்ல மனுசன் வக்கீல் வெச்சுக் குடுத்திருக்காரு. எங்க கையிலேர்ந்து ஒரு காசு போகல. அது பொறுக்கலையா உனக்கு? துப்பறியிறாளாம் துப்பு!"

"அந்த நல்ல மனுசன் யாரும்மா?"

"பேரு வெளிய தெரிய வேணாம்னு சொல்லிட்டாராம். அப்படிச் சொல்றவருதான்டி நல்லவரு!"

"அது யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்லித்தான் உங்க மருமவ என்னைக் கூப்பிட்டா."

வள்ளியம்மா திரும்பிக் கூடத்திலிருந்த மருமகளை முறைத்தாள். அந்த இடைவெளியில் சுரையா உள்ளே நுழைந்துவிட்டாள். பவனேஷும் கிழவியின் மறு காலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினான்.

சுரையா இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நெடுங்காலம் விபத்து விசாரித்தவள். அந்த வேலையில் பொய் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், இப்போது பத்தாங் காலியில் தன் அண்ணன் நஜீபின் சாப்பாட்டுக்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். பவனேஷ் முன்னாளில் விபத்தில் உடைந்த வண்டிகளைக் கட்டி இழுக்கிற இழுவை லோரி ஓட்டியவன். அடிபட்டவனின் ரத்தம் காய்வதற்குள் வக்கீலின் பேர் அட்டையை அவன் பையில் செருகுகிற கூட்டத்தோடு தேநீர் குடித்துப் பழகியவன். ஆகவே 'சும்மா வக்கீல்' என்ற பேச்சைக் கேட்டதுமே இரண்டு பேருக்கும் மூக்கு விடைத்துக்கொண்டது. ஊர் உலகத்தில் எவன் சும்மா வக்கீல் வைத்துக் கொடுக்கிறான்?

திலகா கூடத்தில் நாற்காலியில் இருந்தாள். இடது கால் ஒரு பிளாஸ்டிக் முக்காலிமேல் நீண்டு கிடந்தது. முழங்காலுக்குக் கீழே தோலைத் துளைத்துக்கொண்டு இரும்புக் கம்பிகள். கணவன் ஜொகூரில் வேலை செய்கிறான். மாமியாரும் அவளும்தான் கெர்லிங்கில், தோட்ட மக்களுக்குக் கட்டிக்கொடுத்த இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டில்.

"அக்கா, இன்னைக்கு மத்தியானம் போலீஸ் பாலாய்க்குப் போகணும்," என்றாள் திலகா. "வக்கீல் தேவதாஸ் அங்க காத்திருப்பாரு. புதுசா வாக்குமூலம் குடுக்கச் சொல்றாரு. என்னை யாரும் இடிக்கல, மழையில நானே சறுக்கி விழுந்தேன்னு."

"நீ விழுந்தியா?"

"இடிச்சுட்டு ஓடினாங்கக்கா! கையுறை கம்பெனியிலேர்ந்து மோட்டார் சைக்கிள்ல வந்துக்கிட்டிருந்தேன். சீக்கிரம் வீடு சேரலாம்னு பழைய தோட்டத்து ரோட்ட எடுத்தேன். பொழுது சாயிற நேரம், நல்ல மழை. அந்த வளைவு வர்றப்ப ஹாரன் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு குட்டை, ஒரு நீளம். கரகரன்னு ஒரு சத்தம். நான் ஓரம் கட்டறதுக்குள்ள என் மேல ஏறிட்டான். நிக்கவே இல்ல."

"வக்கீல் என்ன சொல்றாரு?"

"ஹாரன் அடிச்சுட்டு எவனாவது இடிப்பானான்னு சிரிக்கிறாரு. இடிச்சவன் கிடைக்கவே மாட்டான், தானா விழுந்தேன்னு சொன்னா தொழிலாளிக்கு நஷ்டஈடு தர்ற சொக்சோவுல மாசாமாசம் காசு வரும், கேஸ சட்டுனு முடிச்சிரலாம்னு சொல்றாரு. ஆனா டாக்டர் இன்னொரு ஆபரேசன் பண்ணணுங்கிறாரு. பண்ணலன்னா இந்தக் காலு ஊனமாவே நின்னுருமாம். எங்க கம்பெனியில நாள் பூரா நின்னுதான் வேலை. நொண்டிய எவன்க்கா வெச்சுக்குவான்?"

சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகையா கோபமா என்று பவனேஷுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பட்டது.

"திலகா, நல்லாக் கேட்டுக்க," என்றாள் சுரையா. "அடிபட்டவன் கேஸு போட்டு ஜெயிச்சா, எதிராளியோட இன்சூரன்ஸ் வக்கீல் செலவுல ஒரு பங்கு கட்டும். மிச்சத்த ஜெயிச்சவன்தான் குடுக்கணும். தோத்தா அவன் தலையிலதான் விழும். உலகத்துல நடக்கிறது இதுதான்."

"ரோட்டுல நடக்கிறதையும் சொல்லுங்க," என்றான் பவனேஷ். "'பீஸே வேணாம், வர்றதுல பாதியக் குடு'ன்னு கேட்கிறவனையெல்லாம் நான் பார்த்திருக்கேன். சட்டத்துல இடமில்ல. ஆனாலும் அவனுக்கு ஒரு ஆசையாவது இருக்கு."

"உன் வக்கீல் அதையும் கேட்கல. சொக்சோவுக்கு வக்கீலே வேணாம், திலகா. கம்பெனியில சொன்னா அவங்களே எழுதிப் போடுவாங்க. வக்கீலே தேவைப்படாத வேலைக்கு ஒருத்தன் வக்கீலுக்குப் பணம் கட்டுறான். அவன் உனக்குப் பணம் வரணும்னு கட்டல. நீ 'சறுக்கி விழுந்தேன்'னு சொல்லணும்னு கட்டுறான். நீ அந்த வார்த்தையச் சொன்ன நிமிசமே போலீஸ் வண்டியத் தேடறத நிறுத்திரும்."

 வாசலில் வள்ளியம்மா "கெட்ட மனசுக்கு எல்லாமே கெட்டதாத்தான் தெரியும்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

பவனேஷின் காடி, அந்தப் பழைய ஓட்டைக் கார், தாமானை விட்டு வெளியேறிப் பெரிய ரோட்டில் ஏறியது. முனையில் புதுச் சாயம் பூசிய முனியாண்டி கோயில். பவனேஷ் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினான்.

"யாருக்குடா?"

"சாமிக்கு. ரோட்டோரம் முனியாண்டி இருந்தா எங்காளுங்க ஹாரன் அடிக்காமப் போக மாட்டாங்கக்கா. சலாம் வெச்சாத்தான் அவரு வழி விடுவாரு. எனக்கு நேர்த்திக்கடன் செய்யக் காசில்ல, ஹாரனுக்குக் காசா பணமா?"

சுரையா அவனையே பார்த்தாள். பிறகு, "வண்டியத் திருப்பு," என்றாள். "அந்த வளைவப் பார்த்துட்டு வக்கீல்கிட்ட போவோம்."

வளைவில் பார்க்க ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கமும் செம்பனை. உள்வளைவில் ஒரு மேடு, ஆளுயர லாலான் புல். சுரையா புல்லை விலக்கி உள்ளே போனாள். காலில் ஏதோ தட்டியது. பாதி உடைந்த சிமெண்டு மேடை. மேலே ஒன்றும் இல்லை.

"பழைய பஸ் ஸ்டாப்பா இருக்கும்," என்றான் பவனேஷ், பாம்பு வருமோ என்று காலைத் தூக்கித் தூக்கி வைத்தபடி.

"திலகா எதிர்ப் பக்கத்துலேர்ந்து வந்தா. இந்த மேடு மறைக்குது. இங்கேர்ந்து பார்த்தா அவ மோட்டார் கண்ணுல படவே படாது. அப்ப அவன் யாரப் பார்த்து ஹாரன் அடிச்சான்?"

"பைத்தியக்காரனா இருப்பான்."

"பைத்தியக்காரன் வக்கீல் வைக்க மாட்டான்," என்று சொல்லிவிட்டு அவள் காடியில் ஏறிக்கொண்டாள். பவனேஷுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. கேட்டால் சொல்ல மாட்டாள் என்பது மட்டும் விளங்கியது. அந்தக் குணத்துக்காகவே ஒருநாள் வேலையை விட்டுவிட வேண்டும் என்று எத்தனையாவது தடவையாகவோ நினைத்துக்கொண்டான்.

வக்கீல் தேவதாஸ் அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"என் கட்சிக்காரரோட பீஸை யார் கட்டறாங்கன்னு கேட்க உங்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. வெளிய போங்க."

"கேட்க வரல, சார். சொல்லிட்டுப் போக வந்தேன்," என்றாள் சுரையா, தேனாக. "திலகா வேற வக்கீல் பார்க்கப் போறா. மத்தியானம் பாலாய்க்கு வர மாட்டா. பணம் குடுத்த புண்ணியவான்கிட்ட திருப்பிக் குடுத்துருங்க."

தேவதாஸின் முகம் கறுத்தது. "ஒரு போன் போட்டேன்னா உங்க லைசென்ஸ் போயிரும், தெரியுமா?"

"போடுங்க சார். ஆனா மொதல்ல வேற ஒருத்தருக்குப் போடணுமே? கைபேசிய இப்பவே எடுத்துட்டீங்க."

உண்மையிலேயே வக்கீலின் கை மேசைமேலிருந்த போனைப் பற்றியிருந்தது. பவனேஷ் வெளியே வந்து படிக்கட்டில்தான் சிரித்தான்.

"புரிஞ்சுருச்சுக்கா! இனி திலகா வீட்டுக்கு யாரு பதறியடிச்சுக்கிட்டு ஓடியாராரோ..."

"அவருதான் பீஸ் கட்டினவரு. ஓட்டு."

அவர்கள் போய்ச் சேர்ந்து, வள்ளியம்மாவிடம் இரண்டாம் சுற்று வசவு வாங்கி முடிப்பதற்குள் வெள்ளைப் பிக்கப் ஒன்று கேட்டருகே வந்து நின்றது. இறங்கியவர் நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் தங்கப் பேனா. உடையப்பன். செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளின் முதலாளி, முனியாண்டி கோயில் தலைவர்.

"தலைவரே!" வள்ளியம்மா ஓடினாள். "நீங்களா?"

"நான்தாம்மா. மறைச்சுச் செய்யணும்னு நெனச்சேன், விட மாட்டேங்கிறாங்க." அவர் சுரையாவைப் பார்த்தார். பார்வையில் பாசம் இல்லை. "ஆமா, வக்கீல் பீஸ நான்தான் கட்டறேன். நம்ம தோட்டத்துப் புள்ள அடிபட்டுக் கெடக்குது. செஞ்சது தப்பா? உங்க ஆளுங்க ஏழைக்குக் குடுத்தா வெளிய சொல்லுவீங்களா, அம்மா?"

வள்ளியம்மாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "கேட்டியாடி? இவரு யாரு தெரியுமா? தோட்டத்த வித்தப்ப, செம்பனைக் காட்டுக்குள்ள அநாதையாக் கெடந்த முனியாண்டிய ரோட்டு முனைக்குக் கொண்டாந்து கோயில் கட்டினவரு! இவரப் போயிச் சந்தேகப்பட்டியே, உன் நாக்கு அழுகாதா?"

பவனேஷ் கூனிக் குறுகிப்போனான். ஆனாலும் பழைய தொழில் கண்ணை விடவில்லை. பிக்கப் பழசு, கதவெல்லாம் கீறல். முன்னால் மாட்டியிருந்த இரும்புத் தடுப்பு மட்டும் கடையிலிருந்து நேற்று எடுத்து வந்தது போல மின்னியது.

"பம்பர் புதுசா, தலைவரே?"

"போன பூசைக்கு மாத்தினது."

"பழைய தோட்டத்து ரோட்டுல கல்லு அதிகமோ?"

"அந்த ரோட்டுல நான் போயே பல வருசமாச்சு," என்றார் உடையப்பன். குரலில் சூடு ஏறியிருந்தது.

இதற்குள் திலகாவின் முகம் மாறிவிட்டது. ஊரே கையெடுத்துக் கும்பிடும் மனிதர் வாசலில் நிற்கிறார். அவரைத் தேடச் சொல்லி ஆள் வைத்தது அவள்தான். "போதும்க்கா," என்றாள் வெடுக்கென்று. "நல்லது செஞ்சவரப் போயி அசிங்கப்படுத்திட்டீங்க. நான் கையெழுத்துப் போடறேன். நீங்க இனிமே வராதீங்க."

கட்சிக்காரியே காறித் துப்பாத குறை. பவனேஷ் சுரையாவைப் பார்த்தான். அவள் தலைகுனிந்து நின்றாள்.

"தப்பு என்மேலதான், தலைவரே. மன்னிச்சுக்குங்க. பாலாய்க்கு நானும் வர்றேன். இடிச்ச வண்டின்னு ஒண்ணும் கிடையாதுன்னு சாட்சி சொல்லிட்டுப் போயிடறேன். எங்க காடி வேற ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

இப்போதுதான் ஓட்டி வந்த காடி! பவனேஷ் வாயைத் திறந்தான். சுரையாவின் செருப்பு அவன் கால் விரல்மேல் ஏறியது. வாயை மூடிக்கொண்டான்.

"என் வண்டி அப்படித்தான்," என்றான் வலியோடு. "திடீர்னு செத்துப்போகும்."

உடையப்பன் பெரிய மனிதராகச் சிரித்தார். வக்கீலுக்குப் போன் போட்டு, "கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றார். "ஏறுங்க. என் கண்ணு முன்னாலயே சொல்லுங்க."

திலகாவை முன் இருக்கையில் காலை நீட்டி உட்கார வைத்தார்கள். பின்னால் சுரையா, பவனேஷ், நடுவில் வள்ளியம்மா. ஏறும்போதே சுரையா பவனேஷின் காதில், "போனுல பதிவு போடு," என்றாள். பிறகு உரக்க, "பெரிய ரோட்டுல செம்பனை லோரி கவுந்து கெடக்கு, தலைவரே. தோட்டத்து ரோட்டுல போனாத்தான் உண்டு."

உடையப்பனின் கை ஸ்டியரிங்கில் ஒரு கணம் தயங்கியது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வண்டி செம்பனைக் காட்டுக்குள் திரும்பியது.

கொஞ்ச தூரம் போனதும் சுரையா ஆரம்பித்தாள். "தப்பா நெனைக்காதீங்க. இந்த வக்கீல் பீஸு கோயில் பணத்துலேர்ந்து போச்சுன்னு வெளிய ஒரு பேச்சு."

"எவன் சொன்னான்?"

"பல பேரு சொல்றாங்க. கோயில இடம் மாத்தினப்பவும் வீடு கட்டற கம்பெனிக்காரன்கிட்ட நீங்க பணம்..."

"எவன்டா சொன்னான்!" உடையப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. "என் கைக்காசு! என் சொந்தக் கைக்காசு போட்டுக் கோயில் கட்டினேன். சாமி சொத்துல ஒரு வெள்ளி தொட்டிருந்தா இந்தக் கை வெளங்காமப் போகட்டும். எங்கப்பா இதே ரோட்டுல டிராக்டர் ஓட்டினாரு. அவரு மடியில உட்கார்ந்து வளர்ந்தவன் நான். நேத்து வந்த பயலுக எனக்குப் பக்தி சொல்லித் தரானுங்களா?"

வளைவு வந்தது. லாலான் மேடு வந்தது.

அவர் வாய் இன்னும் திட்டிக்கொண்டேதான் இருந்தது. இடது கை மட்டும் தன்பாட்டுக்கு ஹாரனில் இறங்கியது. இரண்டு குட்டை, ஒரு நீளம். கரகரவென்று செம்பனைக் காடு முழுக்க அந்தச் சத்தம் பரவியது. வலது கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்து நெற்றியைத் தொட்டு நெஞ்சைத் தொட்டது. கண் ரோட்டில் இல்லை, மேட்டில் இருந்தது.

"நிறுத்துங்க," என்றாள் திலகா.

வண்டி நின்றது. பவனேஷ் மேட்டைத் திரும்பிப் பார்த்தான். சிமெண்டு மேடை, காட்டுக்குள் கிடந்த முனியாண்டி, யாரையும் பார்க்காமல் அடித்த ஹாரன்... அட மடையா, பஸ் ஸ்டாப்பாம் பஸ் ஸ்டாப்பு!

"அங்க சாமி இல்லையே, தலைவரே," என்றாள் சுரையா. "நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க. யாருக்கு ஹாரன்?"

"அது... கை பழக்கம்."

"பல வருசமா வராத ரோட்டுலயா?"

"ஹாரன் அடிச்சா குத்தமா? எந்தக் கோர்ட்டுல போயிச் சொல்லுவே?" அவர் திரும்பினார். எதிரில் திலகாவின் கண்கள். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் கத்தினார்: "மழை கொட்டுது, நீ லைட்டுப் போடாம வந்தே! எவன் கண்ணுக்குத் தெரியும்?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அந்த மழையில் அவள் லைட்டுப் போட்டாளா இல்லையா என்பது, அங்கே இருந்தவனைத் தவிர வேறு எவனுக்குத் தெரியும்?

"லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு," என்றாள் திலகா.  "நீங்க ரோட்டப் பார்க்கல. மேட்டப் பார்த்தீங்க, இப்ப பார்த்த மாதிரியே. இல்லாத சாமிக்கு மூணு ஹாரன். ரோட்டுல கெடந்த எனக்கு ஒரு பிரேக்கு போடலையே, தலைவரே!"

"சாமிய எடுத்தது நான்தானேம்மா..." உடையப்பனின் குரல் உடைந்தது. "அது கெடந்த இடத்த நான்தானே காலி பண்ணேன். கும்பிடாம எப்படிப் போறது?"

"அன்னைக்கே நின்னிருந்தா உங்க வண்டி இன்சூரன்ஸே இவ காலுக்குக் கட்டியிருக்கும்," என்றாள் சுரையா. "உங்க கையிலேர்ந்து ஒரு வெள்ளி போயிருக்காது."

"தலைவர்ங்கிற பேரு போயிருக்கும்."

 வள்ளியம்மா குனிந்தாள். இன்றைக்கு அந்த இன்னொரு செருப்பு எங்கே விழப்போகிறது என்று பவனேஷுக்குத் தெரிந்துவிட்டது. தலையை நன்றாக ஒதுக்கி வழிவிட்டான். செருப்பு உடையப்பனின் பிடரியில் விழுந்தது. "எம் மருமவளக் குப்ப மாதிரி ரோட்டுல போட்டுட்டு, என் வீட்டு வாசல்ல வந்து புண்ணியவான் வேசமாடா போட்டே?" என்று கத்தியவள், அப்படியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பவனேஷ் இறங்கிப் போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தான். போனைக் காட்டினான். அதில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நகருங்க, தலைவரே. பின்னாடி போயி உட்காருங்க. ஒடைஞ்சுபோனதக் கொண்டுபோயிச் சேர்க்கிறதுதான் என் பழைய தொழிலு."

உடையப்பன் இறங்கினார். அப்போதும் அவர் கண் ஒரு தடவை அந்த மேட்டுக்குப் போய் வந்தது.

பாலாய் வாசலில் தேவதாஸ் காத்திருந்தார். பிக்கப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தட்டச்சு செய்த தாளை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வாங்கம்மா திலகா. நல்ல முடிவு. இங்க ஒரு கையெழுத்து."

திலகா பவனேஷின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் இறங்கினாள். தாளை வாங்கினாள். படிக்கவில்லை. நான்காக மடித்து அவர் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினாள்.

"வாங்கின பீஸத் திருப்பித் தர வேணாம், சார்," என்றாள். "பணம் கட்டினவரு பின்னாடிதான் உட்கார்ந்திருக்காரு. இனிமே அவருக்குத்தான் வக்கீல் வேணும்."

சுரையா கைகொடுத்தாள். திலகா படியேறி உள்ளே போனாள். தேவதாஸ் பிக்கப்பைத் திரும்பிப் பார்த்தார். உடையப்பன் பக்கத்துப் பின் கதவு மட்டும் இன்னும் திறக்கவில்லை.